குழாய்த் தண்ணியில தின்னர் வாடை அடிச்சா என்ன செய்யணும்

சிங்கப்பூர்ல எங்க வீட்ல, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அம்மா இட்லிக்கு அரிசி ஊறப்போட குழாயைத் திறந்தாங்க, திறந்தவுடனே "இங்க வாடா, தண்ணி பெயிண்ட் வாடை அடிக்குது"ன்னு கூப்பிட்டாங்க. நான் போய் எவர்சில்வர் டம்ளர்ல பிடிச்சு மோந்து பாத்தேன், நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தா மூக்குல ஏறுமே அதே வாடை. தண்ணி என்னவோ பளிச்சுன்னு இருக்கு, கலர் இல்ல, நுரை இல்ல, அடியில எதுவும் தங்கல. அம்மா உடனே "காய்ச்சிட்டா சரியாப் போயிடும்"னு பெரிய பாத்திரத்துல பிடிச்சு அடுப்புல ஏத்திட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல சமையக்கட்டு பூரா அந்த நாத்தம், எனக்குக் கண்ணு எரியுது, அம்மாவுக்குத் தலை கிறுகிறுங்குது.

அதனாலதான் இதை முதல்லயே சொல்லிடறேன், வேற எதையும் படிக்காட்டியும் இதை மட்டும் படிங்க: கெமிக்கல் வாடை வந்தா தண்ணியைக் காய்ச்சாதீங்க. காய்ச்சறது கிருமிக்கு வைத்தியம், கெமிக்கலுக்கு இல்ல. தின்னர், பெட்ரோல், பென்சீன் மாதிரி சாமானெல்லாம் சூட்டுல ஆவியாகி நேரா உங்க மூச்சுக்குள்ள போகும். ஈயம், குரோமியம், நைட்ரேட் மாதிரியானது ஆவியாகவே ஆகாது, தண்ணிதான் வத்தும், ஒரு லிட்டரை அரை லிட்டரா வத்த வெச்சீங்கன்னா மிச்சம் இருக்கிற தண்ணியில அது ரெண்டு மடங்கு அடர்த்தியா நிக்கும். நம்ம ஆளுங்களுக்கு, குறிப்பா ஊர்லேர்ந்து வந்த பெரியவங்களுக்கு, காய்ச்சி ஆறவெச்சுக் குடிக்கிறதுதான் சர்வரோக நிவாரணி, தப்பு சொல்ல முடியாது, காலரா டைபாய்டு பாத்த தலைமுறை அது. ஆனா இது வேற விஷயம்னு அவங்ககிட்ட பொறுமையா உக்காந்து சொல்லணும்.

நம்ம ஊரு தண்ணியைக் குறை சொல்ல நான் வரல. பியூபி, அதான் இங்க தண்ணி விநியோகிக்கிற அரசாங்க அமைப்பு, அவங்க தர்ற தண்ணி நேரா குழாய்லேர்ந்து குடிக்கிற தரம்தான், எங்க வீட்ல இன்னிக்கும் அப்படித்தான் குடிக்கிறோம். ஆனா ஒரு பெரிய ஊருக்குத் தண்ணி வர்ற வழியில ஃபேக்டரிங்க சம்பந்தப்படாம இருக்காது. பக்கத்துல மலேசியாவுல இருக்கிற ஜொகூர் ஆத்துலேர்ந்து 1962 ஒப்பந்தப்படி நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் நாம எடுத்துக்கலாம், 2061 வரைக்கும். அந்த ஆத்துல 2019 ஏப்ரல்ல அம்மோனியா ஏறிப்போய் அங்க இருக்கிற சுத்திகரிப்பு ஆலையையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாச்சு. இங்க குழாய்ல தண்ணி நிக்கல, ஏன்னா கடல் தண்ணி ஆலை, நீர்த்தேக்கம்னு கைவசம் வேற வழி இருந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் பாசிர் கூடாங்ல கிம் கிம் ஆத்துல யாரோ கெமிக்கல் கழிவைக் கொட்டி, ஆயிரக்கணக்கான பேர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய், 111 ஸ்கூலை மூடினாங்க. பாலம் தாண்டி கொஞ்ச தூரம்தான்.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, இங்க ஃபேக்டரிங்க தின்னர் மாதிரி கரைப்பானைச் சாக்கடையில ஊத்தறது பெரிய குத்தம், சாக்கடைக் குழாய்க்குள்ளயே பியூபி சென்சார் வெச்சு அந்த ஆவியைக் கண்டுபிடிக்கிறாங்க. ஏன்னா அந்தச் சாக்கடைத் தண்ணிதான் மைக்ரோ ஃபில்டர், ஆர்.ஓ., யூவி எல்லாம் தாண்டி நியூவாட்டர்ங்கிற மறுசுழற்சித் தண்ணியா வெளிய வருது. யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்ல ஒரு டின் தின்னரைச் சிங்க்ல கவுத்தா அது ஊருக்கே சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க ஒர்க்‌ஷாப்லயோ ஷிப்யார்டுலயோ வேலை பாக்கறவரா இருந்தா இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஆனா வீவக வீட்ல, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்ல, இருக்கிறவங்களுக்கு நடக்க வாய்ப்பு அதிகம்னு நான் நினைக்கிறது ஆத்துல நடக்கறது இல்ல, கடைசி நூறு மீட்டர்ல நடக்கறது. மொட்டை மாடி டேங்க், புளோக் பைப், ரெனவேஷன் நடக்கிற வீடு, இதுலதான்.

சரி, வாடை வந்துடுச்சு, இப்ப என்ன பண்ணணும்?

குழாயை மூடுங்க, சமையலை நிறுத்துங்க, வாட்டர் ஹீட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, வாஷிங் மெஷின் ஓடிட்டு இருந்தா அதையும் நிறுத்துங்க, ஜன்னலைத் திறந்து விடுங்க. வீட்ல இருக்கிற எல்லாருக்கும் சத்தமா சொல்லுங்க, பாத்ரூம்ல இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல, ஏன்னா சுடுதண்ணி ஷவர்ல நின்னா அந்த ஆவியை முழுசா உள்ள இழுத்துடுவாங்க. குழந்தைக்கு அன்னிக்குக் காலையில அந்தத் தண்ணியில பால் பவுடர் கரைச்சு வெச்சிருந்தா கொட்டிடுங்க. ஏற்கனவே யாராவது குடிச்சுட்டு வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல்னு இருந்தா மத்ததெல்லாம் அப்புறம், ஆம்புலன்ஸுக்கு 995 அடிங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு தொண்டையில விரலை விடாதீங்க, தின்னர் வகையறா வாந்தியோட நுரையீரலுக்குப் போனா அது இன்னும் மோசம்.

அடுத்தது, வாடை நெஜமாவே தண்ணியிலேர்ந்துதான் வருதான்னு பாக்கணும். டம்ளர்ல பிடிச்சுட்டு சிங்க்கை விட்டுத் தள்ளிப் போயி, ஹாலுக்குப் போயி மோந்து பாருங்க. அழுகின முட்டை வாடைன்னா முக்கால்வாசி நேரம் அது சிங்க் ஓட்டையிலேர்ந்து வர்றது, டம்ளரை நகத்தினதும் போயிடும். தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருந்தா பயப்பட வேணாம், மேசை மேல வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க, அடியிலேர்ந்து மேல வரைக்கும் தெளிஞ்சுக்கிட்டே வந்தா அது வெறும் காத்துக் குமிழி. பழுப்புன்னா பெரும்பாலும் பைப் துரு, அதுக்கும் போன் போடலாம் ஆனா ஓட வேண்டியதில்ல. லேசா நீச்சல்குளம் வாடைன்னா அது கிருமி கொல்ல பியூபி போடற குளோரமின், அது இருக்கணும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ், பாச்சா உருண்டை, காரணமே இல்லாம இனிப்பா ஒரு வாடை, நாக்குல சுள்ளுனு ஒரு கசப்பு, இதுக்கெல்லாம்தான் உடனே உஷாராகணும்.

அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க, இதுதான் அன்னிக்கு நாங்க செஞ்சதுலயே உருப்படியான காரியம். நாங்க இருக்கறது 12-வது மாடி. எதிர்வீட்டு மக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, குழாயைத் திறந்து பாத்துட்டு "யா யா, பாவ்"ன்னு, அதாவது நாறுதுன்னு, மூக்கைப் பொத்தினாங்க, 11-வது மாடியிலயும் அதே வாடை. லிஃப்ட்ல 3-வது மாடிக்குப் போயி எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா வீட்ல கேட்டா அங்க சுத்தமா ஒண்ணுமே இல்ல. அப்பவே பாதி விஷயம் புரிஞ்சுபோச்சு, ஏன்னா நிறைய புளோக்ல கீழ் மாடிகளுக்கு மெயின் பைப்புலேர்ந்து நேரா வரும், மேல் மாடிகளுக்கு மொட்டை மாடி டேங்க்கிலேர்ந்து இறங்கும். மேல மட்டும் நாறுதுன்னா டேங்க், எல்லா மாடியிலயும் நாறுதுன்னா மெயின் பைப், பக்கத்து புளோக்லயும் இருந்தா விஷயம் பெருசு, உங்க வீட்ல மட்டும்னா உங்க பைப்போ ஃபில்டரோ ஹோஸோ. இந்த அஞ்சு நிமிஷ விசாரணையை நீங்க செஞ்சுட்டா வர்ற ஆபீசருக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம்.

வாடை போறதுக்குள்ள சாம்பிள் எடுத்து வைங்க. கண்ணாடி பாட்டில்தான், பிளாஸ்டிக் வேணாம், பிளாஸ்டிக் அந்த மாதிரி கெமிக்கலை உறிஞ்சும், தன்னோட வாடையையும் விடும். ஊறுகாய் பாட்டில் எடுத்துடாதீங்க, எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது, ஜாம் பாட்டில் பரவால்ல. குழாயை மெல்லிசாத் திறந்து, பாட்டிலைச் சாய்ச்சுப் பிடிச்சு, சலசலன்னு அடிக்காம, கழுத்து வரைக்கும் இல்ல, விளிம்பு தளும்பற வரைக்கும் நிரப்பி மூடுங்க. உள்ள காத்து இடைவெளி இருந்தா ஆவியாகிற கெமிக்கல் அந்த இடத்துல ஏறிடும், மூடியைத் திறக்கும்போது பறந்துடும். தேதி, மணி, எந்தக் குழாய், எந்த மாடின்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜ்ல வைங்க, வீட்ல எல்லாருக்கும் குடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு.

இப்ப போன். பியூபி 24 மணி நேர நம்பர் 1800-2255-782. டேங்க் மேல சந்தேகம்னா புளோக்கைப் பராமரிக்கிற நகர மன்றத்தோட 24 மணி நேர நம்பருக்கும் அடிங்க, லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் போர்டுல இருக்கும், இப்பவே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அக்கம்பக்கத்துப் புகார் போடற ஒன்சர்விஸ் ஆப்ல போட்டா பதிவு இருக்கும், ஆனா இந்த விஷயத்துக்கு முதல்ல வாயால பேசுங்க. "தண்ணி சரியில்ல"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா பத்தோட பதினொண்ணாப் போயிடும். இப்படிச் சொல்லுங்க: காலை 7 மணியிலேர்ந்து தின்னர் வாடை, 11, 12-வது மாடியில இருக்கு, 3-வது மாடியில இல்ல, கலர் மாறல, சாம்பிள் எடுத்து வெச்சிருக்கோம், ஒருத்தருக்குத் தலைசுத்தல். இங்கிலீஷ் வரலன்னு கூச்சப்பட்டு யாரும் சும்மா இருக்காதீங்க, வீட்ல இருக்கிற பிள்ளைங்களை விட்டுப் பேசச் சொல்லுங்க.

நம்ம ஒரு ஆள் போன் பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு ஊர் கதை சொல்றேன். 2014 ஜனவரி 9, அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா. எல்க் ஆத்தோரம் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு கம்பெனி டேங்க்கிலேர்ந்து நிலக்கரி கழுவற கெமிக்கல் ஆயிரக்கணக்கான கேலன் ஒழுகி, குடிதண்ணி எடுக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேல ஆத்துல கலந்துடுச்சு. கம்பெனிக்காரங்க வந்து சொல்லல, சுத்துவட்டார ஜனங்க காலையில அதிமதுர வாடை வருதுன்னு புகார் பண்ணினாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் அதிகாரிங்க ஒழுகற டேங்க்கைக் கண்டுபிடிச்சாங்க. 9 கவுண்டியில சுமார் 3 லட்சம் பேருக்குத் தண்ணியைத் தொடாதீங்கன்னு உத்தரவு வந்துச்சு. இன்னொண்ணு 1988 ஜூலை, இங்கிலாந்துல கேமல்ஃபோர்ட். லாரி டிரைவர் ஒருத்தர் 20 டன் அலுமினியம் சல்ஃபேட்டை தப்பான டேங்க்ல இறக்கிட்டாரு, அது நேரா 20,000 பேரோட குடிதண்ணியில போச்சு. ஜனங்க புகார் பண்ணிக்கிட்டே இருந்தாங்க, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னே பதில் வந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு வெளிய சொல்ல ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அதனால ஒரு தடவை போன் பண்ணிட்டு விட்டுடாதீங்க, ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்குங்க, ரெண்டு மணி நேரத்துல யாரும் வரலன்னா திரும்பப் போடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களையும் தனித்தனியாப் போடச் சொல்லுங்க.

அறிவிப்பு வந்தா வார்த்தையைக் கவனமாப் படிங்க, மூணு வகை இருக்கு, மூணும் வேற வேற. "காய்ச்சிக் குடிங்க"ன்னா கிருமிப் பிரச்சனை. "குடிக்காதீங்க"ன்னா குடிக்க, சமைக்க, பல் விளக்க, ஐஸ் போட, பால் கலக்க எதுக்கும் வேணாம், ஆனா கழுவிக்கலாம். "பயன்படுத்தாதீங்க"ன்னா கக்கூஸ்ல ஊத்தறதைத் தவிர வேற எதுக்கும் தொடக்கூடாது. வெஸ்ட் வர்ஜீனியாவுல வந்தது இந்த மூணாவது வகை. வீட்ல தாத்தா பாட்டி இருந்தா தமிழ்ல எழுதி குழாய்லயே கட்டித் தொங்க விடுங்க, வாயால சொன்னா மறந்து ராத்திரி மாத்திரை போட ஒரு டம்ளர் பிடிச்சுடுவாங்க. வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்கற டார்மிட்டரியில தெரிஞ்ச தம்பிங்க இருந்தா அவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, வேலை முடிஞ்சு வந்து நேரா குழாய்க்குத்தான் போவாங்க.

மாத்துத் தண்ணிக்குக் கடைக்கு ஓடறது கடைசி வழியா இருக்கட்டும். 2005 நவம்பர்ல சீனாவுல ஜிலின் ஆலை வெடிச்சு பென்சீன் சொங்ஹுவா ஆத்துல கலந்து, ஹார்பின் நகரத்துக்கு நாலு நாள் தண்ணியை நிறுத்தினாங்க, நிறுத்தறதுக்கு முன்னாடியே கடையில இருந்த பாட்டிலெல்லாம் காலி. நான் இப்ப ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர்னு கணக்குப் போட்டு, மூணு நாளைக்கு உண்டானதை 1.5 லிட்டர் பாட்டிலா கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன், தேதி பாத்து மாத்திக்கிறேன். வெயில் படற சர்வீஸ் யார்டுல வைக்காதீங்க, தின்னர், கொசு மருந்து பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. தண்ணி தடைபட்டா பியூபி தண்ணி வண்டியும் தண்ணிப் பையும் கொண்டு வருவாங்க, மூடி இருக்கிற சுத்தமான பாத்திரம் எடுத்துட்டுப் போங்க, துணி ஊறவைக்கிற வாளி வேணாம்.

ஃபில்டர் இருக்கே எங்களுக்கென்னன்னு சொல்றவங்களுக்குக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா இதுலதான் நம்ம ஜனங்க நிறைய காசை விடறாங்க. வீட்டுக்கு வர்ற சேல்ஸ்மேன் ரெண்டு கம்பி வெச்ச ஒரு கருவியை உங்க குழாய்த் தண்ணியில விட்டு கரண்ட் குடுப்பாரு, நிமிஷத்துல தண்ணி காவி கலர்ல கொழகொழன்னு ஆயிடும், "பாருங்கம்மா இதைத்தான் குடிக்கிறீங்க"ம்பாரு. அந்தக் காவி தண்ணியில இருந்தது இல்ல, கரண்ட் பட்டு அந்த இரும்புக் கம்பி கரையறது. குழாய்த் தண்ணியில இயற்கையாவே உப்பு இருக்கு, கரண்ட் பாயும், கம்பி கரையும், ஆர்.ஓ. தண்ணியில உப்பு இல்லாததால கரையாது, அவ்வளவுதான் விஷயம். டிடிஎஸ் மீட்டரும் அதே மாதிரி, கரைஞ்சிருக்கிற உப்பைத்தான் காட்டும். தின்னர், பென்சீன், பூச்சிமருந்து எதையும் அது பாக்காது, எங்க வீட்டு நாத்தத் தண்ணியில மீட்டரை விட்டா வழக்கமான நம்பரைத்தான் காட்டியிருக்கும்.

வாங்கணும்னு முடிவு பண்ணிட்டா என்ன சர்ட்டிபிகேட்னு கேளுங்க. என்எஸ்எஃப்ங்கிறது ஃபில்டருக்கான ஒரு தரச் சான்று, அதுல 42-ன்னா வாடை, ருசி, குளோரின் மட்டும். 53-ன்னா உடம்புக்குக் கெடுதலான சில பொருளுங்க, எதெதுன்னு பெட்டியில எழுதியிருக்கணும். 58-ன்னா ஆர்.ஓ. இப்ப பேப்பர்ல அடிபடற பிஃபாஸ், அதான் ஒட்டாத தவா, தீயணைக்கிற நுரை இதுலெல்லாம் இருக்கிற கெமிக்கல், வாடையும் இல்ல நிறமும் இல்ல, மூக்கால கண்டுபிடிக்கவே முடியாது. அமெரிக்காவுல 2024 ஏப்ரல்ல அதுல பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ரெண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம்னு வரம்பு வெச்சாங்க. நல்ல கார்பன் ஃபில்டரும் ஆர்.ஓ.வும் அதைக் குறைக்கும், காய்ச்சறது குறைக்காது. ஆனா திடீர்னு கெமிக்கல் கலந்த அன்னிக்கு ஜக் ஃபில்டரை நம்பிக் குடிக்காதீங்க, கார்பன் ஒரு அளவுக்கு மேல உறிஞ்சாது, நிரம்பிட்டா அப்படியே விட்டுடும்.

இப்ப எங்க கதைக்கு வர்றேன். மத்தியானம் ஆளுங்க வந்து மொட்டை மாடி ஏறிப் பாத்தாங்க, டேங்க் வேலை எடுத்த கான்ட்ராக்டர் உள்பக்கம் ஏதோ பூச்சு அடிச்சுட்டு அது முழுசாக் காயறதுக்குள்ள தண்ணியை நிரப்பியிருக்காரு. டேங்க்கைக் காலி பண்ணி, கழுவி, மறுநாள் சாயங்காலம்தான் சரின்னு சொன்னாங்க. எங்க புளோக்ல கைக்குழந்தை வெச்சிருக்கிற வீடு மட்டும் எனக்குத் தெரிஞ்சு நாலு, நோட்டீஸ் ஒட்டினது சாயங்காலம் ஆறு மணிக்கு. எனக்கு அதுதான் இன்னும் ஆறல. இதே மாதிரி தப்பு வீட்டுக்குள்ளயும் நடக்கும், ரெனவேஷன்காரங்களோ நாமளோ கெமிக்கல் கலக்கற வாளிக்குள்ள ஹோஸை முக்கி வெச்சுட்டு குழாயைத் திறந்து விட்டுடுவோம், அந்த நேரம் பைப்புல பிரஷர் குறைஞ்சா வாளியில இருக்கிறதைப் பைப் திருப்பி உறிஞ்சிடும். ஹோஸ் நுனி எப்பவும் வாளி விளிம்புக்கு மேல இருக்கட்டும்.

சரின்னு சொன்னப்புறமும் நேரா பிடிச்சுக் குடிக்கக்கூடாது, பைப்புல நிக்கிற பழைய தண்ணியை வெளியேத்தணும். எவ்வளவு நேரம்னு அவங்க சொல்றதைக் கேளுங்க, வெஸ்ட் வர்ஜீனியாவுல சுடுதண்ணிக் குழாய் 15 நிமிஷம், பச்சத்தண்ணிக் குழாய் 5 நிமிஷம்னு சொன்னாங்க. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, குழந்தைங்களை வெளிய அனுப்பிட்டு ஆரம்பிங்க, ஏன்னா அந்த நேரத்துலதான் வாடை அதிகமா வரும். குழாய் மூக்குல இருக்கிற சல்லடையைக் கழட்டிடுங்க. ஹீட்டர் டேங்க்கை முழுசா ஓட விட்டப்புறம்தான் சுவிட்சைப் போடணும். வாஷிங் மெஷினைத் துணி போடாம ஒரு தடவை ஓட்டுங்க, ஐஸ் கட்டி, கெட்டில், பிளாஸ்க், தெர்மோபாட்ல இருக்கிற தண்ணி எல்லாம் கொட்டுங்க, ஃபில்டர் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க, காசு போகுதேன்னு பாக்காதீங்க.

நாங்க இவ்வளவும் செஞ்சும் ரெண்டு நாள் கழிச்சு பாத்ரூம் வாஷ்பேசின்ல மட்டும் காலையில முதல் தண்ணியில லேசா அந்த வாடை வந்துக்கிட்டே இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் ஓட விட்டா போயிடும், மறுநாள் காலையில திரும்ப வரும். பிளம்பர் அண்ணன் வந்து பாத்துட்டு, அடியில இருக்கிற ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் உள்ள ரப்பர், ராத்திரி பூரா தண்ணி அதுல நிக்குது, அந்த ரப்பர்தான் கெமிக்கலைக் குடிச்சு வெச்சிருக்குன்னு சொல்லிக் கழட்டினாரு. கையில குடுத்தாரு, வாங்கி மோந்து பாத்தேன், அதே நெயில் பாலிஷ் வாடை. புது ஹோஸ் மாட்டினார், மறுநாள் காலையில முதல் தண்ணியை டம்ளர்ல பிடிச்சு ஹாலுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட குடுத்தேன், அவங்க மோந்து பாத்துட்டுத்தான் அரிசி ஊறப்போட்டாங்க.